ஐந்து தோட்டா, நான்கு நொடி: 25 மீட்டர் பிஸ்டலில் வரும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

"சார், முதல் குண்டு நடுவுல விழுது. மிச்ச நாலும் மேலே ஏறிக்கிட்டே போகுது. பிஸ்டல்ல ஏதோ பிரச்சினை போல." ரேஞ்சில் வாரத்துக்கு ஒருவராவது இப்படி வந்து நிற்கிறார். வாங்கிப் பார்த்தால் பிஸ்டலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கோளாறு பிடியிலோ மணிக்கட்டிலோ கால் வைத்த இடத்திலோ இருக்கும். ஆனால் வருவதற்கு முன்பே ரியர் சைட்டை (குறிபார்க்க உதவும் பின்பக்கப் பாகம்; முன்முனையில் இருப்பது ஃப்ரண்ட் சைட்) நாலு பக்கமும் திருகிவிட்டிருப்பார். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவே அரை மணி நேரம் ஆகும்.

பல வருடமாக ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ததில் கைக்கு வந்த வரிசை இது. செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், காசு கேட்கும் காரணத்தைக் கடைசியில் பாருங்கள். இங்கே சொல்வதெல்லாம் .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் விளையாட்டு பிஸ்டலுக்கு, அதாவது 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டலுக்கும் ரேபிட் ஃபயருக்கும். ரேபிட் ஃபயர் என்றால் வரிசையாக நிற்கும் ஐந்து டார்கெட்டில் சில நொடிக்குள் ஒன்றுக்கு ஒரு குண்டு; அந்த ஐந்தும் சேர்ந்தது ஒரு தொடர். பேச்சில் இதை 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்கிறோம். உண்மையில் இது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு. டிரிகரைப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே போகிற ஆயுதம் நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பொதுமக்களுக்கு அதற்கு உரிமம் கிடையாது.

வலக்கையால் சுடுகிறவரை வைத்தே எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

மேகசினைக் (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, சேம்பரைக் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். சேம்பர் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாகைச் செருகுங்கள். பேரல் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்கட்டும், பழுது பார்க்கிறோம் என்ற பேச்சில் பக்கத்து லேன் பக்கம் திரும்பிவிடக் கூடாது. கீழே 'தோட்டா இல்லாமல்' என்று சொல்லும் இடத்திலெல்லாம் இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வெறும் பிஸ்டலில் டிரிகர் தட்டலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். .22 பிஸ்டல் எல்லாமே வெறுமனே தட்டுவதைத் தாங்காது. சிலவற்றில் அதற்கென்றே தனி அமைப்பு இருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு ஐந்து குண்டுக்கும் ஒரு வட்டம் போட்டு, எது எத்தனையாவது குண்டு என்று எண் எழுதிக் குறியுங்கள். எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் திரையிலேயே தெரியும். காகித டார்கெட் என்றால் ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு ஒரு நண்பர் வேண்டும். 'குண்டு சிதறுது' என்பது அறிகுறி ஆகாது. 'மூன்றாவது குண்டிலிருந்து மேலே போகுது' என்பதுதான் அறிகுறி. இந்த நோட்டு இல்லாமல் கீழே உள்ள எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டிய இரண்டு அறிகுறிகள்

*ஒரே அழுத்தலில் இரண்டு குண்டு போகிறது.* நிறுத்துங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லுங்கள். 'இன்னொரு தடவை வருதான்னு பார்ப்போம்' என்று சோதிக்கவே கூடாது. எதிர்பாராத அந்த இரண்டாவது குண்டு, முதல் குண்டு கிளம்பும்போது பிஸ்டல் பின்னால் தள்ளுகிற உதையில் பேரல் மேலே தூக்கியிருக்கும் நேரத்தில் கிளம்புகிறது. டிரிகர் பாகங்கள் தேய்ந்திருக்கலாம், யாரோ எடையைக் குறைக்கத் திருகியிருக்கலாம், அழுக்கு சேர்ந்திருக்கலாம். எதுவானாலும் இது ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவர், வேலை. வீட்டில் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டாம்.

*சத்தம் 'டப்' என்று வராமல் 'பொத்' என்று அமுங்கி வருகிறது, கையில் உதையும் குறைவு.* குண்டு பேரலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். வேகமாகச் சுடும்போது விரல் தன் போக்கில் அடுத்த அழுத்தலுக்குப் போய்விடும், அதனால்தான் சத்தத்தைக் கவனிக்கப் பழகச் சொல்கிறேன். காலி செய்து ஆர்மரரிடம் கொடுங்கள். பேரல் முனையில் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள்.

அறிகுறி 1: முதல் குண்டு சரி, அடுத்தடுத்தவை மேலே ஏறுகின்றன

அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*பிடி தளர்கிறதா?* இதை முதலில் பாருங்கள். ஐந்து சுட்டு முடித்ததும் பிஸ்டலை உடனே கீழே வைக்காமல், பிடித்த பிடியோடு அப்படியே நின்று கையைப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை கைப்பிடியின் மேல்விளிம்போடு ஒட்டியிருக்க வேண்டும். அங்கே ஒரு தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி வந்திருந்தால், ஒவ்வொரு குண்டுக்கும் பிஸ்டல் உங்கள் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியிருக்கிறது.

போன கோடையில் ஒரு கல்லூரி மாணவி இதே புகாரோடு வந்தாள். ஏர் பிஸ்டலில் நல்ல ஸ்கோர் எடுக்கிற பெண். சுட்டு முடித்ததும் "கையை விரிம்மா" என்றேன். உள்ளங்கையில் கைப்பிடியின் சொரசொரப்பு அச்சாகப் பதிந்திருந்தது. ஆனால் நடுவிரலும் மோதிரவிரலும் படுகிற இடத்தில் அச்சு மங்கல், கட்டைவிரல் அடியில் மட்டும் ஆழமாகச் சிவந்திருந்தது. மேலே கட்டைவிரலால் நசுக்குகிறாள், பிடிக்க வேண்டிய விரல்கள் சும்மா இருக்கின்றன. ஏர் பிஸ்டலில் உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் அங்கே இது தெரியவே இல்லை. கட்டைவிரலைச் சும்மா வைத்து, நடுவிரலாலும் மோதிரவிரலாலும் நேர் பின்பக்கமாக அழுத்தச் சொன்னேன். தோட்டா இல்லாமல் இருபது தடவை, பிறகு ஐந்து குண்டு. ஏற்றம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் வியர்வை. மே மாதக் கடலோரக் காற்றில் உள்ளங்கை எண்ணெய் தடவினது போல ஆகிவிடும். தொடருக்குத் தொடர் துண்டால் கையையும் கைப்பிடியையும் துடைப்பதை ஒரு சடங்கு போலவே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

*மணிக்கட்டு மடங்குகிறதா?* நண்பரிடம் போனைக் கொடுத்து, பக்கவாட்டில், சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்று ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பேரல் முனை தூக்குவதில் தப்பில்லை, தூக்கத்தான் செய்யும். அது திரும்ப எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். முழுக் கையும் தோளிலிருந்து ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கினால் நல்லது. மணிக்கட்டில் மட்டும் மடிப்பு விழுந்து, பழைய இடத்துக்கு மேலேயே பேரல் நின்றுவிட்டால் காரணம் அதுதான். முழங்கை லேசாக மடிந்து விரிந்தாலும் இதே விளைவுதான் வரும்.

*உடம்பு பின்னால் சாய்கிறதா?* பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். போட்டி விதி 1,400 கிராம் வரை அனுமதிக்கிறது. அதை நீட்டிப் பிடிக்கும்போது உடம்பு தன்னையறியாமல் பின்னால் சாய்ந்து சமன் செய்துகொள்ளும். சோதிக்க பிஸ்டலே வேண்டாம். சுடும் நிலையில் நின்று வெறும் கையை முஷ்டியாக்கி நீட்டுங்கள், நண்பர் முஷ்டியை லேசாகப் பின்னால் தள்ளட்டும். குதிகாலில் தள்ளாடினால் எடை பின்னால் இருக்கிறது. பாதத்தின் முன்பகுதிக்குக் கொஞ்சம் எடையைக் கொண்டுவாருங்கள். அதற்காகக் கூன் போட வேண்டியதில்லை.

*சைட் திரும்பி வருவதற்குள் அழுத்துகிறீர்களா?* நேர அளவு இல்லாமல் ஒரே டார்கெட்டில் ஐந்து சுடுங்கள். அங்கே குரூப் (குண்டுகள் விழுந்த கூட்டம்) நெருங்கிவிட்டால் பிடி சரி, அவசரம்தான் காரணம். அறிகுறி 4-க்குப் போங்கள். அங்கேயும் ஏறினால் மேலே சொன்ன மூன்றில் ஏதோ ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.

*தோட்டா மாறியதா?* வேகம் கூடிய தோட்டாவுக்கு உதையும் கூடும். சாதாரண வேகத் தோட்டாவிலேயே பழகுங்கள். இரண்டு பெட்டியைக் கலந்து போடாதீர்கள்.

*கைப்பிடி கைக்குப் பொருந்தவில்லையா?* கடைசியில் இதைப் பாருங்கள். மரக் கைப்பிடியை அரத்தால் தேய்ப்பதற்கு முன், அதைப் பிஸ்டலோடு இணைக்கும் திருகாணி இறுக்கமா என்று பாருங்கள். எனக்கே இது நடந்தது. கைப்பிடி பெரிது என்று நினைத்து இரண்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். ஒருநாள் சுத்தம் செய்யக் கழற்றும்போது திருகாணி அரைச் சுற்று தளர்ந்து கிடந்தது. தேய்த்த மரம் தேய்த்ததுதான். மர மாவைப் பசையில் குழைத்து நிரப்ப வேண்டியதாயிற்று.

*எப்போது ஆளைக் கூப்பிடலாம்?* மேலே உள்ளதையெல்லாம் பார்த்து, ஐந்தாறு பயிற்சி நாள் நோட்டில் குறித்தும் ஏற்றம் மாறவில்லை என்றால் கோச்சிடம் அந்த நோட்டையும் வீடியோவையும் காட்டுங்கள். கைப்பிடி மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். புதுக் கைப்பிடி வாங்கிய பிறகு கோச்சிடம் போகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அறிகுறி 2: குண்டு கீழே இடப்பக்கம் விழுகிறது

வலக்கைக்காரருக்கு ஏழு மணி, எட்டு மணி திசையில் குண்டு போனால் முதல் சந்தேகம் டிரிகரைப் பிடுங்குவது. இரண்டாவது, சத்தத்துக்குப் பயந்து முன்கூட்டியே பேரலை அழுத்துவது. இரண்டும் சேர்ந்தே வரும்.

சோதனை ஒன்றுதான், ஆனால் கண்ணைத் திறந்துவிடும். நண்பர் திரும்பி நின்று, மேகசினில் நாலு உண்மைத் தோட்டாவுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் டம்மியை எங்கோ ஒளித்துப் போடட்டும். நீங்கள் சுடுங்கள். டம்மி வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் ஃப்ரண்ட் சைட் அசையாமல் நின்றால் விரலில் குறையில்லை. தலைகுனிகிற மாதிரி பேரல் முன்னால் கவிழ்ந்தால், உதை வருவதற்கு முன்பே நீங்கள் அதைத் தடுக்கப் பார்க்கிறீர்கள். பேரல் கவிழ்வதைப் பார்த்ததும் நிறைய பேர் "நான் அப்படிச் செய்யவே இல்லையே சார்" என்பார்கள். நிஜமாகவே அவர்களுக்குத் தெரியாது. இந்தச் சோதனை அதற்குத்தான்.

கவிழ்கிறது என்றால் பார்க்க வேண்டியவை:

முதலில் காது. காதுக்குள் செருகும் இயர் பிளக், அதற்கு மேல் காது மூடி, இரண்டும் போடுங்கள். கூரை தாழ்ந்த ரேஞ்சில் பக்கத்து லேனின் சத்தமே உடம்பைத் திடுக்கிட வைக்கும். சத்தம் பாதியானால் பயமும் பாதியாகும்.

அடுத்து விரல் எங்கே படுகிறது என்று பாருங்கள். விரல் நுனிக்கும் முதல் மடிப்புக்கும் நடுவில் இருக்கும் சதை டிரிகரில் பட வேண்டும். விரல் கைப்பிடி மரத்தில் உரசினால் இழுக்கும்போது பிஸ்டலையும் பக்கவாட்டில் தள்ளும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

அப்புறம் டிரிகர் எடை. ஏர் பிஸ்டலில் குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலில் 1,000 கிராம். ஏர் பிஸ்டலிலிருந்து வரும் பிள்ளைகள் இந்த இரட்டிப்பு எடையைத் தாண்ட விரலால் குத்துவார்கள். மருந்து, தோட்டா இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தினமும் பத்து நிமிடம். டார்கெட் வேண்டாம், ஃப்ரண்ட் சைட் மட்டும் போதும். டிரிகரில் கரகரப்போ எடையில் ஏற்ற இறக்கமோ தெரிந்தால், எடைக்கட்டியை வைத்து ஆர்மரர் பார்க்கட்டும். நீங்களாக எடையைக் குறைக்காதீர்கள். போட்டியில் நடக்கும் பிஸ்டல் சோதனையில் தோற்பது சின்ன நஷ்டம். ஒரே அழுத்தலில் இரண்டு குண்டு போகும் ஆபத்து பெரிய நஷ்டம்.

அறிகுறி 3: ஐந்து டார்கெட்டில் நகரும்போது குண்டு விளிம்பில் போய் விழுகிறது

இது ரேபிட் ஃபயருக்கு மட்டும். ஐந்து டார்கெட்டும் மையத்துக்கு மையம் 75 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். பத்து வளையத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் சைட் நீளம் (இரண்டு சைட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்) அதிகபட்சம் 22 சென்டிமீட்டர் உள்ள பிஸ்டலில், முன்னும் பின்னும் உள்ள சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

*நீங்கள் வருகிற பக்க விளிம்பில் விழுந்தால்* டார்கெட்டை எட்டுவதற்கு முன்பே அழுத்துகிறீர்கள்.

*தாண்டிப் போகிற பக்கத்தில் விழுந்தால்* கை ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை.

இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது கையா இடுப்பா என்பது. தோட்டா இல்லாமல் ஐந்து டார்கெட்டையும் தொட்டுப் போங்கள். நண்பர் உங்கள் பெல்ட் பக்கிளைப் பார்க்கட்டும். பக்கிள் திரும்பாமல் கை மட்டும் திரும்பினால், தோளில் முறுக்கு ஏறி சைட் கோணலாகும். கை, தோள், தலை மூன்றும் ஒரே கட்டாக இருந்து இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும்.

அது சரியாக இருந்தும் கடைசி டார்கெட்டில் மட்டும் குண்டு பின்தங்கினால் காலைப் பாருங்கள். கண்ணை மூடி, கையைத் தூக்கி, ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். கை இயல்பாக எந்த டார்கெட்டில் நிற்கிறது? முதல் டார்கெட்டில் நின்றால் கடைசிக்குப் போவதற்குள் உடம்பு திருகித் தீர்ந்துவிடும். நடுவுக்கோ அதற்கும் ஒன்று தள்ளியோ வரும்படி காலை மாற்றுங்கள். சிலர் கடைசி டார்கெட்டுக்கே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சுட்டுப் பார்த்து நோட்டில் எழுதி முடிவு செய்யுங்கள். ஆளுக்கு ஆள் இடுப்பு வேறு.

இதற்குச் செலவு என்று எதுவும் இல்லை. கருவி வாங்கச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

அறிகுறி 4: ஐந்தாவது குண்டுக்குள் நேரம் முடிந்துவிடுகிறது

ரேபிட் ஃபயரில் 8, 6, 4 நொடித் தொடர்கள். 8-லும் 6-லும் பிரச்சினை இல்லாமல் 4-ல் மட்டும் திணறினால், எல்லாரும் டார்கெட்டுக்கு டார்கெட் நகர்வதை வேகப்படுத்தப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை நேரம் அங்கே போவதில்லை. முதல் குண்டில்தான் போகிறது.

போனில் ஒலிப்பதிவு செய்து பாருங்கள். விளக்கு மாறும்போது நண்பர் "ஹான்" என்று குரல் கொடுக்கட்டும். குரலிலிருந்து முதல் சத்தம் வரை எவ்வளவு நேரம்? சுமார் ஒன்றரை நொடிக்குள் முதல் குண்டு போனால், மீதி நாலில் ஒவ்வொன்றுக்கும் அரை நொடிக்குச் சற்று மேல் கிடைக்கும், அது போதும். முதல் குண்டே இரண்டு நொடியில் போனால் மீதி நாலையும் திணித்துத்தான் சுட வேண்டும்.

*முதல் குண்டு தாமதம் என்றால்:* கையைத் தூக்கும்போது டிரிகர் சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். கை மேலே வரும் வழியிலேயே விரல் முதல் எடையை (டிரிகரின் முதல் கட்ட அழுத்தம்) வாங்கிக்கொண்டு வர வேண்டும், டார்கெட்டில் சேரும்போது மீதி கொஞ்சம்தான் பாக்கி இருக்க வேண்டும். இதைத் தோட்டா இல்லாமல் நன்றாகப் பழகிய பிறகே தோட்டாவோடு செய்யுங்கள், அதுவும் கோச் பக்கத்தில் இருக்கும்போது. கை இன்னும் தாழ்ந்திருக்கும்போதே குண்டு கிளம்பினால் தரையில் போகும். அப்படி ஒரு தடவை நடந்தாலும் அன்று தோட்டாவை எடுத்து வைத்துவிட்டு வெறும் பிஸ்டலுக்குத் திரும்பிவிடுங்கள்.

*தயார் நிலையில் கை சரியான இடத்தில் இருக்கிறதா?* செங்குத்திலிருந்து 45 பாகைக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. பயத்தில் கையைத் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டால் தூரம் கூடும். விதி தரும் உயரத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

*முதல் குண்டு சரி, நடுவில்தான் தாமதம் என்றால்:* விழுந்த ஓட்டையைத் தேடுகிறீர்கள். கண் டார்கெட்டுக்குப் போய்த் திரும்பி ஃப்ரண்ட் சைட்டுக்கு வருவதற்குள் நேரம் போய்விடும். எங்கே விழுந்தது என்பதை ஐந்தும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

25 மீட்டர் மகளிர் பிஸ்டலின் ரேபிட் பகுதியில் இந்தத் தொல்லை வேறு மாதிரி வரும். அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் 3 நொடி, நடுவில் 7 நொடி ஓய்வு. நேரம் போதவில்லை என்பவர்கள் அந்த 7 நொடியில் தோளை இறுக்கியபடியே நிற்கிறார்கள். கை இறங்கியதும் ஒரு மூச்சு, பிறகு பார்வை டார்கெட்டுக்கு. இவ்வளவையும் ஒரே அளவாகப் பழகினால் போதும்.

நாலு நொடித் தொடரில் ஐந்தும் பத்தாக வரவில்லை என்று துவண்டு வருகிறவர்களிடம் 2012 லண்டன் ஒலிம்பிக்கைச் சொல்வேன். இறுதிச் சுற்றில் எல்லாம் நாலு நொடித் தொடர்தான், 9.7 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் ஒரு புள்ளி. விஜய் குமார் நாற்பதில் முப்பது அடித்து வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கிய கியூபாவின் லெயூரிஸ் பூபோ அடித்தது 34. உலகத்தின் உச்சியில் நிற்பவர்களுக்கும் இத்தனை தவறுகிறது.

அறிகுறி 5: நடுவில் நின்றுவிடுகிறது

டிரிகர் இழுத்தும் சுடவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. பேரல் டார்கெட் பக்கம், விரல் டிரிகருக்கு வெளியே, பிடியை விடாமல் மற்றக் கையைத் தூக்குங்கள். போட்டியிலும் இதேதான் முறை. நீங்களாக ஸ்லைடை இழுத்துவிட்டால் கோளாறுக்கான மறுவாய்ப்பு போகலாம். பயிற்சியில் முப்பது நொடி அப்படியே பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம், ஆனால் உண்டு. பிறகு காலி செய்து, வந்த தோட்டாவைப் பாருங்கள்.

*தோட்டாவின் விளிம்பில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் பாகம்) அடித்த ஆழமான தழும்பு இருக்கிறது, வெடிக்கவில்லை:* தோட்டாவின் குறை. ஒரு பெட்டியில் ஒன்று என்றால் விடுங்கள். ஒரே பெட்டியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்குங்கள். வெடிக்காத தோட்டாவைக் குப்பையில் போடாமல், பையிலும் போடாமல் ரேஞ்சில் அதற்கென்று இருக்கும் பெட்டியில் போடுங்கள்.

*தழும்பு மங்கல், அல்லது இல்லவே இல்லை:* தோட்டா முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது ஃபயரிங் பின் அழுக்கு. சுத்தம் செய்து பாருங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் பின் தேய்ந்திருக்கும் அல்லது ஸ்பிரிங் களைத்திருக்கும், ஆர்மரரிடம் போங்கள்.

*காலி உறை வெளியே போகாமல் மாட்டுகிறது:* சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். .22 குண்டில் தடவியிருக்கும் மெழுகும் எரிந்த மருந்தும் சேர்ந்து சேம்பர் வாயில் கறுப்பாகப் படியும். காலி உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குக் கீழே பல்குச்சியால் கிளறினால் மண் மாதிரி கரி உதிரும். எண்ணெயைக் குறைவாக விடுங்கள். எண்ணெய் அதிகமானால் கரியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தமான பிஸ்டலில் ஒரு ஆள் சுட்டால் மாட்டுகிறது, இன்னொரு ஆள் சுட்டால் ஓடுகிறது என்றால் மணிக்கட்டு தளர்வு. அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

*அடுத்த தோட்டா ஏறாமல் மூக்கு இடித்து நிற்கிறது:* மேகசின்களுக்கு எண் எழுதுங்கள். ஒரே எண்ணில் மட்டும் வந்தால் அதன் உதடு (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்பு) வளைந்திருக்கிறது. கீழே விழுந்த மேகசினைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உதட்டை நீங்கள் இடுக்கியால் வளைக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், கால் மில்லிமீட்டர் கூடினாலும் மொத்தமாக வீண். எல்லா மேகசினிலும் வந்தால் தோட்டா வகையை மாற்றிப் பாருங்கள். பிறகு, ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். சீசன் தொடங்கும் முன்பே ஸ்பிரிங்கும் எக்ஸ்ட்ராக்டரும் ஆளுக்கொன்று வாங்கி வையுங்கள். இதில் மட்டும் முன்கூட்டிச் செலவு செய்யச் சொல்வேன்.

அறிகுறி 6: குரூப் நெருக்கமாகவே இருக்கிறது, ஆனால் மொத்தமாக இடம் மாறிவிட்டது

இப்போதுதான் சைட்டைத் தொடலாம், அதுவும் கடைசியாக. முதலில் ரியர் சைட் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். பிறகு வெளிச்சம். காலையில் வெயில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விழும் திறந்த ரேஞ்சில் ஃப்ரண்ட் சைட்டின் ஒரு விளிம்பு பளபளக்கும், கண் அதை விட்டுவிட்டு மறு விளிம்பை நடுவாக எடுத்துக்கொள்ளும். சைட்டைக் கறுப்பாக்கிப் பாருங்கள். தோட்டா மாறியதா என்று பாருங்கள். மூன்றும் இல்லை என்றால் பத்து குண்டு குரூப் போட்டு, சைட் திருகாணியை எத்தனை கிளிக் (ஒரு படி) நகர்த்துகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு திருகுங்கள்.

அறிகுறி 7: கை நடுங்குகிறது, முழங்கை வலிக்கிறது, சைட் மங்குகிறது

நடுக்கம் பயிற்சியின் கடைசியில் மட்டும் வந்தால் களைப்பு. குண்டு எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆரம்பத்திலேயே வந்தால் காலையில் குடித்த காபியையும் தூங்கிய நேரத்தையும் நோட்டில் எழுதிப் பாருங்கள்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அழுத்திப் பிடிப்பது அளவு மீறுகிறது. ஒரு வாரம் நிறுத்துங்கள். ஓய்வுக்குப் பிறகும் வாளி தூக்கும்போது சுருக்கென்றால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். எலாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு தொடர்ந்து சுட்டவர்கள் ஒரு சீசனையே இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சைட் மங்குவதற்கு, முதலில் மூச்சை அடக்கும் நேரத்தைக் குறையுங்கள். இடக்கண்ணை இறுக்கி மூடாமல் மறைப்பு ஒன்றை வைத்து, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பாருங்கள். அதற்கும் தெளியவில்லை என்றால், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முக்கியமாக, கண் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது "படிக்கக் கண்ணாடி வேணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிஸ்டலை ரேஞ்சிலேயே வைத்துவிட்டு, கையை நீட்டியபடி கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, அந்த அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "இத்தனை சென்டிமீட்டரில் இருக்கிற பொருள் எனக்குக் கூர்மையாகத் தெரியணும்" என்று சொன்னால் அவருக்குப் புரியும்.